தியோங் தலையாட்டிய நாள்

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு தேவலையா? முழங்கால் சொன்னபடி கேட்கிறதா, படுத்தால் தூக்கம் வருகிறதா? மாத்திரை ஏதாவது போட வேண்டியிருந்தால் போட்டுக்கொண்டு வந்து படியுங்கள், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். எனக்கு இடது முட்டி மழையை முந்தினநாளே சொல்லிவிடும். நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெளியே போக வழியில்லை, சரி, எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் வானொலியில் ஒரு தேர்தல்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "நம்ம நாட்டுல நமக்குத்தான் முதல் இடம்!" என்றார். என்னமோ அவரே கண்டுபிடித்த மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வார்த்தையை எங்கள் தீவுக்காரர் ஒருவர், ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் தையல் மெஷின் மிதித்துப் பிழைத்த காலத்திலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னபோது எங்கள் ஊரில் முதலில் கைதட்டியவள் என் அக்கா தேரா. அந்த வார்த்தையால் கல்யாணம் செய்துகொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

போஹோல் தீவின் வடக்குக் கரையில் எங்கள் ஊர். தீவிலிருந்து ஒருவர் ஜனாதிபதி ஆவார் என்று யார் கண்டது? முந்தைய ஜனாதிபதியின் விமானம் மலையில் மோதியது, துணை ஜனாதிபதியாக இருந்த எங்கள் ஆள் நாற்காலியில் ஏறினார். அந்த வருடமே தேர்தலிலும் ஜெயித்தார். எங்கள் பாஷையில் கவிதை எழுதுவார், சதுரங்கம் ஆடுவார். மணிலாக்காரர்கள் எங்களைக் கிழங்கு தின்னிகள் என்று கேலி செய்த காலம் அது. அவர் வானொலியில் பேசினால் எங்கள் ஊர் நாய்கூடக் குரைக்காது என்று சொல்லிக்கொள்வோம். அக்காவின் கடையில் கல்லாவுக்கு மேலே அவர் படம் இருந்தது. ஒரு பக்கம் இயேசுவின் திரு இருதயம், மறுபக்கம் அவர். இரண்டையும் தினமும் ஒரே துணியால்தான் துடைப்பாள்.

கடை என்றால் என்ன, சோளக் குருணை, அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், சோப்பு. எங்கள் பக்கத்தில் சோளம்தான் சோறு. ஆரம்பத்தில் அது ஒரு சீனக் கிழவரின் கடை. அவருடைய அண்ணன் மகன் தியோங். பையனாகக் கப்பலில் வந்து இறங்கி, மூட்டைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவர். எதிரில் கருவாட்டுக் கூடை வைத்திருந்த என் அக்காவுக்கும் அவருக்கும் எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்க ஆரம்பித்தபோதே அவள் கூடை நகர்ந்து நகர்ந்து கடை வாசலுக்கு வந்திருந்தது.

அப்புறம் கிழவர் செத்துப்போனார். அதற்குள் நாட்டில் சட்டம் வந்துவிட்டது: சில்லறைக் கடை இனி இந்நாட்டுக் குடிகளுக்குத்தான், வெளிநாட்டுக்காரர் செத்தால் அவரோடு கடையும் மூட வேண்டும். தியோங் வெளிநாட்டுக்காரர். அக்கா தன் பெயரில் உரிமம் எடுத்து அதே கடையைத் திறந்தாள். எங்கள் ஜனாதிபதி வந்த பிறகு அரிசி சோள வியாபாரத்துக்கும் அதே சட்டம் வந்தது. அக்கா பெயரில் இருந்ததால் பிழைத்தோம்.

ஆனால் ஒரு முடிச்சு இருந்தது. வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொள்கிற பெண், புருஷனுடைய நாட்டுக்காரி ஆகிவிடுவாள். அன்றைய சட்டம் அப்படி. தேரா தியோங்கை மணந்தால் அந்த நிமிடமே அவள் சீனக்காரி. கடை போய்விடும், ஓட்டும் போய்விடும். மணக்காமல் இருந்தால் எல்லாம் அவளுடையது. அதனால் அவர்கள் மணக்கவில்லை. ஒரே கூரை, ஒரே பானை. ஊரில் யாராவது அதிகாரி வந்து "இந்தச் சீனர் யார்?" என்று கேட்டால், எருமைக்கு வைக்கோல் போடுகிறவன் வரைக்கும் ஒரே பதில்தான் சொல்வான்:

"மாடியில குடியிருக்கறவருங்க. வாடகை கொடுத்துடுவாரு."

கல்லாவுக்குப் பின்னால் நின்று குருணை அளக்கும் குடித்தனக்காரர். ஊர் கண்ணை மூடிக்கொண்டது. அவர் எங்களில் ஒருவராகிவிட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ராசவள்ளிக்கிழங்கு கையிலிருந்து கீழே விழுந்துவிட்டால் நாங்கள் அதை எடுத்து முத்தமிட்டு மன்னிப்புக் கேட்போம். பஞ்ச காலத்தில் எங்களைக் காப்பாற்றிய கிழங்கு அது. தியோங் கடையில் ஒரு கிழங்கு உருண்டால், எத்தனை கூட்டம் இருந்தாலும் அளவையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து எடுத்து, உதட்டில் ஒற்றி, ஏதோ முணுமுணுப்பார். என்ன சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"தவறிப் போச்சு, கோவிச்சுக்காதேன்னு சொல்வேன். உங்க பாஷைதான். அதுக்கு என் பாஷை புரியாதே" என்றார்.

கடையும் இருந்தது, ஆளும் இருந்தார். பிறகு அக்காவுக்கு என்ன குறை என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தெரியும். கல்யாணம் ஆகாமல் குடும்பம் நடத்துகிறவள் நற்கருணை அப்பத்தை, ஆண்டவரின் உடலை, வாங்க முடியாது. பூசைக்கு வருவாள், கடைசி பெஞ்சில், ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காருவாள். அங்கே நாய்கள் வந்து படுத்திருக்கும். ஊர் முழுவதும் எழுந்து பலிபீடத்துக்குப் போகும்போது அவள் மட்டும் முட்டியை ஒதுக்கி எல்லோருக்கும் வழிவிடுவாள். நான் போய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மண்டியிட்டதும் காதருகே வருவாள்.

"மாதாவுக்குப் புது அங்கி போட்டிருக்காங்களா? இங்கேருந்து நீலமாத் தெரியுது."

"நீலம்தான். ஓரத்துல சரிகை."

"என்ன மாதிரி சரிகை?"

"அக்கா, நான் வாயில ஆண்டவரை வெச்சுக்கிட்டு இருக்கேன். சரிகையைப் பத்தியா பேசறது?"

"நீ வெச்சிருக்கே. நான் சரிகையைத்தானே கேக்க முடியும்" என்பாள்.

வெளியே வந்ததும் சிரிப்பாள். "இந்த ஊர்ல எல்லாரோட பிடரியும் எனக்குத் தெரியும், பீசிங். பின்னாலேருந்து பார்த்தே இவன் இந்த வாரம் பாவசங்கீர்த்தனம் பண்ணினானா இல்லியான்னு சொல்லிடுவேன்." பீசிங் என்பது நான். அந்தச் சிரிப்பு வீட்டு வாசல் வரைக்கும்தான் வரும்.

கவுன்சிலர் பெலாகியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாகியோ என்போம். அவருக்கு எங்கள் சோள வியாபாரத்தின் மேல் கண். ஆளை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் கடை வாசலில் நின்று, ஜனாதிபதி படத்தைக் காட்டிப் பேசினார்.

"மனாங் தேரா, அவர் படத்தை மேல மாட்டிட்டு அவருக்குக் கீழேயே அவர் சட்டத்தை ஏமாத்தறீங்க. பார்க்க நல்லாவா இருக்கு?"

மனாங் என்றால் எங்களிடம் அக்கா. மரியாதையாகத்தான் கூப்பிடுவார், குத்துவது மட்டும் குத்துவார்.

"கடை என் பேர்ல. நான் இந்த மண்ணுல பொறந்தவ. என்ன ஏமாத்து?"

"தராசு யார் கையில இருக்கு?"

"குடித்தனக்காரர் கையில. வாடகை பாக்கி. கழிச்சுக்கறார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லாகியோ சிரிக்கவில்லை. "எங்க அப்பா இதே கடையில பழைய கிழவருக்கு மூட்டை தூக்கினார். முதுகு வளைஞ்சேதான் செத்தார். சவப்பெட்டியில நேராப் படுக்க வைக்க முடியலை. எங்களுக்கும் ஒரு கல்லாப் பின்னால நிக்கணும்னு இருக்காதா? அதைச் சொல்ல ஒருத்தர் வந்திருக்கார், அவரும் நம்ம தீவுக்காரர்" என்றார்.  அது அக்காவுக்கும் நியாயமாகப் பட்டது. தியோங் உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து லாகியோவுக்குப் போட்டார். லாகியோ உட்காரவில்லை.

எங்கள் ஜனாதிபதி இரண்டாவது முறை தேர்தலுக்கு நின்ற வருடம், மழைக்காலத்தில் தியோங்குக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இஞ்சித் தண்ணீர் கொடுத்தோம். அது குடலைப் பிடித்த காய்ச்சல். தீவின் தலைநகரத்திலிருந்து வந்த டாக்டர் பையைத் திறந்து, மூடி, "சாமியாரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அழவே இல்லை. அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பங்குச் சாமியாரை பாத்ரே என்போம், வயதான மனிதர். தியோங்கோடு தினமும் மாலையில் சதுரங்கம் ஆடுகிறவர், தோற்றால் காயை மறைத்துவைக்கிறவர். சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழோடு வந்தவர் படுக்கையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து பெனிட்டோ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரால் அவரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டதில்லை. அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"தேரா, சாகக் கிடக்கறவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாம். உரிமம், ஓலை ஒண்ணும் வேண்டாம். இவன் இப்படியே போக வேண்டாம். நீயும் இப்படியே நிக்க வேண்டாம்."

இது எங்கள் பக்கத்தில் நடப்பதுதான். ஆயுசு முழுக்கச் சேர்ந்து வாழ்ந்துவிட்டுக் கடைசி மூச்சில் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. செத்துப்போகிறவரால் யாருக்கும் எந்தச் சிக்கலும் வராது, அதுதான் அதில் உள்ள வசதி. அக்கா ஒரு வார்த்தை யோசிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துப் போட்டாள். மோதிரத்துக்கு என் தையல் பெட்டியிலிருந்து திரைச்சீலை வளையம் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். சாட்சிக்கு நானும், ஜெபம் சொல்ல வந்திருந்த கிழவியும்.

பாத்ரே அக்காவைக் கேட்டார். "சம்மதம்" என்றாள், கீழே கடைக்குக் கேட்கிற மாதிரி. பிறகு தியோங்கின் காதில் குனிந்து கேட்டார். தியோங்குக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது, பல் கிட்டியது. தலை முன்னும் பின்னும் ஆடியது.

"ஆட்டிட்டான்" என்றார் பாத்ரே.

"ஆட்டிட்டார், ஆட்டிட்டார்" என்று ஜெபக்காரக் கிழவி அழுதாள்.

இதில் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? அவர் சாகவில்லை! மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். அதற்கடுத்த நாள், கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார். அக்கா அப்போதுதான் அழுதாள். சமையலறையில் உப்பு ஜாடியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கிழவி ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். இதில் வேடிக்கையைக் கேளுங்கள். எங்களைப் பிடித்தவர்கள் எல்லோரும் அந்தக் கல்யாணம் செல்லாது என்று வேண்டிக்கொண்டார்கள். "காய்ச்சல்ல ஆடினதுப்பா, அதெல்லாம் கணக்கில வராது" என்றார்கள். எங்களைப் பிடிக்காத லாகியோ வாழையிலையில் சுட்ட பெரிய அரிசி அப்பத்தோடு வாழ்த்துச் சொல்ல வந்து நின்றார்.

"மனாங் தேரா, கடைசியில ஆண்டவர் முன்னால ஒண்ணு சேர்ந்துட்டீங்க. மனசு நெறைஞ்சு போச்சு."

"உன் மனசு நெறைஞ்சா எனக்குப் பயமா இருக்கு, லாகியோ."

"பயப்படாதீங்க. கடையை நல்ல விலைக்கு எடுத்துக்கறேன்" என்றார்.

அன்று மாலை பாத்ரே சதுரங்கப் பலகை இல்லாமல் வந்தார். தியோங் மாடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், எலும்பும் தோலுமாக. நான் தரையில் உட்கார்ந்து ஏதோ சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சோளப்பொரி கொண்டுவந்து வைத்தாள்.

பாத்ரே பொரியைத் தொடவில்லை. "திங்கக்கிழமை நான் நகரசபைக்குத் தகவல் அனுப்பணும். அனுப்பிட்டா நீங்க சட்டப்படியும் புருஷன் பெண்டாட்டி. நடந்ததுல சந்தேகம் இருந்தா கல்யாணமே நடக்கலை, அனுப்ப ஒண்ணுமில்லை. அதனால கேக்கறேன், தியோங். நீ தலையை ஆட்டினியா, இல்லே குளிர் உன்னை ஆட்டுச்சா?"

எனக்குக் கையில் ஊசி நின்றுவிட்டது. தியோங் அக்காவைப் பார்த்தார். அக்கா பொரித் தட்டைப் பார்த்தாள். கீழே யாரோ கடைக் கதவைத் தட்டி மண்ணெண்ணெய் கேட்டார்கள். ஒருவரும் போகவில்லை.

"ஞாபகம் இல்ல, பாத்ரே" என்றார் தியோங்.

பாத்ரே எழுந்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் யோசி. நீ சதுரங்கத்துல காயைத் தொட்டுட்டுப் பின்வாங்கி நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தியோங் எதற்காக ஞாபகம் இல்லை என்றார் என்று யாருக்குத்தான் புரியாது? அக்காவுக்கும் புரிந்தது. ஆனாலும் அந்த வாரம் முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை. குருணை அளந்தாள், மீதி கொடுத்தாள், ஜனாதிபதி படத்தைத் துடைத்தாள். விரலில் திரைச்சீலை வளையம் இல்லை. எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், மாடியிலிருந்து பேச்சு கேட்டது. எங்கள் வீட்டுத் தரை பலகை. மேலே பேசினால் கீழே தையல் மெஷின் வரைக்கும் விழும்.

"நிஜமாவே ஞாபகம் இல்லியா?" அக்கா.

"கடை உன் பேர்ல இருக்கு, தேரா."

"நான் கடையைப் பத்திக் கேட்டேனா?"

"நீ கேக்க மாட்டே. புது மூட்டையைப் பிரிச்சு உள்ள கையை விடும்போது உன் மூஞ்சி எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். தேர்தலன்னிக்கு எந்தக் கவுனை இஸ்திரி போடுவேன்னும் தெரியும். நான் எந்த ஊர்க்காரன்னு எனக்கே மறந்துபோச்சு. நீயாவது ஒரு ஊருக்காரியா இரு."

"தலையை ஆட்டினியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு."

மேலே பலகை கிரீச்சிட்டது.

"ரொம்பக் குளிரா இருந்துச்சு" என்றார்.

அக்கா கீழே இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னிடம் வந்து, "உன் வெள்ளை முக்காடு துவைச்சு வெச்சிருக்கியா?" என்றாள்.

"எதுக்கு?"

"கேட்டா எடுத்துக் குடு, வக்கீல் மாதிரி கேள்வி கேக்காதே."

மறுநாள் பூசைக்குக் கூட்டம் தாங்கவில்லை. திருவிழாவுக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். லாகியோ முன் பெஞ்சில், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு. நாங்கள் வழக்கம்போலக் கடைசியில். தியோங் கதவருகே தூணில் சாய்ந்து நின்றார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. ஞானஸ்நானம் வாங்கினாலும் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை பாவம்.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். நான் எழுந்தேன். அக்கா முட்டியை ஒதுக்குவாள் என்று நின்றேன். அவள் ஒதுக்கவில்லை. என் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

 ஊரே தன் பிடரியை அவளிடமிருந்து திருப்பி முகத்தைக் காட்டியது. அவள் ஒருவரையும் பார்க்கவில்லை, மாதாவின் அங்கியைப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தச் சரிகையைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் மண்டியிட்டாள்.

பாத்ரே அப்பத்தைக் கையில் எடுத்தவர் நின்றார். நான் பக்கத்தில்தான் மண்டியிட்டிருந்தேன், எனக்குக் கேட்டது.

"தேரா, நிச்சயமா?"

"எனக்குக் காய்ச்சல் இல்ல, பாத்ரே" என்றாள் அக்கா. "நான் சம்மதம்னு சொன்னது சுயபுத்தியோடதான்."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து நடக்கிற காலடி. தியோங் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் மெதுவாக, கிராதியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கடைக்காரர் பாருங்கள், உள்ளங்கையை நீட்டினார், மீதி வாங்குகிற மாதிரி. யாரோ ஒரு பெண் சிரித்து, சிரிப்பை விழுங்கினாள்.

"உனக்கென்ன?" என்றார் பாத்ரே.

"குளிர் இல்ல, பாத்ரே. நான்தான் ஆட்டினேன்."

இன்னும் நற்கருணைப் பாடம் படிக்காதவர் என்பதால் பாத்ரே அவருக்கு அப்பம் கொடுக்கவில்லை. தலையில் கையை வைத்தார். எடுக்கவே மனமில்லாத மாதிரி ரொம்ப நேரம் வைத்திருந்தார். வெளியே வந்ததும் நான் முதல் முறையாக அவரை "அத்தான்" என்று கூப்பிட்டேன். அதுவரைக்கும் அண்ணே என்றுதான். அவர் திரும்பிப் பார்த்து யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். திங்கட்கிழமை பாத்ரே தகவல் அனுப்பினார். அக்கா சீனக்காரி ஆனாள். கடையை லாகியோவுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, உரிமம் எடுக்கிற வயதும் வந்திருந்தது. "உன் பேர்ல எடுத்துக்கோ, பீசிங். பேருக்கு இல்ல, நிஜமாவே உன்னுது. இனிமே யாரும் யாரையும் ஏமாத்தறதா இருக்கக் கூடாது" என்றாள். லாகியோ விட்டுவிடுவாரா? தினமும் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். கல்லாவுக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேரில் ஒருவர் நின்றாலும் என்னைப் பினாமி என்று பிடித்து உள்ளே வைக்கலாம். சட்டத்தில் இடம் இருந்தது. அதனால் அவர்கள் கடைக்குள் காலெடுத்து வைப்பதையே விட்டார்கள். வீட்டுக்குப் பின்படி வழியாக ஏறினார்கள். எதிரே, அக்கா ஒரு காலத்தில் கருவாட்டுக் கூடை வைத்திருந்த இடத்தில், ஒரு பெஞ்சு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நான் தைக்கப் பிறந்தவள், அளக்கப் பிறந்தவள் இல்லை. குருணையை அள்ளினால் பாதி தரையில். எதிர்ப் பெஞ்சில் தியோங்கின் கை தானாக அசையும், மெதுவாக, மெதுவாக என்று. அக்கா அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள். தினமும் காலையில் இரண்டு பேரும் எழுந்து வந்து வாடிக்கையாளர்களோடு வரிசையில் நின்று அரைப்படி குருணை வாங்குவார்கள். வீட்டில் மூட்டை இருக்கும். கல்லாவைத் தொடுவதற்கு அது ஒரு சாக்கு. அக்கா பேசிக்கொண்டே விரலால் அந்தக் கட்டையைத் தடவுவாள். அவள் விரலில் திரைச்சீலை வளையம் இருக்கும். பவுனில் செய்து தருகிறேன் என்று அத்தான் எத்தனையோ தடவை சொன்னார், மாற்றவே இல்லை.

நவம்பரில் தேர்தல் வந்தது. எங்கள் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவது எங்கள் தீவில் சொந்தக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. அக்கா அந்தக் கவுனை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு என்னோடு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்தாள். அந்தக் காலத்தில் சீட்டில் பெயரை நாமே எழுத வேண்டும்.

"அவர் பேரை அழகா எழுது. உன் கையெழுத்துல கோழி கிளறின மாதிரி கிளறி வைக்காதே. கடைசி எழுத்தைக் கொஞ்சம் சுழிச்சு விடு. நான் அப்படித்தான் எழுதுவேன்."

நான் எழுதிவிட்டு வெளியே வந்தபோது அவள் பாதாம் மரத்தடியில் நின்றாள், அத்தான் குடை பிடித்துக்கொண்டிருந்தார். லாகியோ அந்தப் பக்கம் வந்தார்.

"மனாங் தேரா, இன்னிக்கு நம்மாளுக்கு ஒரு ஓட்டுக் குறையுது" என்றார். கேலியில்லை, நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார்.

"எல்லாம் அவர் சொன்னபடிதானே நடந்திருக்கு" என்றாள் அக்கா. "சுழிச்சியா, பீசிங்?"

"சுழிச்சேன்" என்றேன்.

எங்கள் தீவு சுழித்துச் சுழித்து எழுதியும் அவர் தோற்றுப்போனார். ஊரில் அன்றைக்குப் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. புது ஜனாதிபதி வந்தார், சட்டம் அப்படியே இருந்தது. நான் படத்தைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு அக்கா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "கை வைச்சே, பாரு! தூசி தட்டினியா இன்னிக்கு? இங்கேருந்தே தெரியுது" என்று அதட்டினாள். முன்பு மாதா அங்கி எட்ட இருந்தது. இப்போது கடையே எட்டப் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள ஆண்டவர் அவளுக்குக் கொடுக்கவில்லை.

கிழங்கு தோண்டுகிற மாதம் வந்தது. ஒருநாள் ராசவள்ளி மூட்டையை அவிழ்த்துத் தராசில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று நழுவி, படியில் குதித்து, தெருவைத் தாண்டி உருண்டுபோய் அத்தான் காலடியில் நின்றது. கடையில் லாகியோ உட்பட நாலு பேர் இருந்தார்கள். அத்தான் குனிந்து எடுத்தார். உதட்டில் ஒற்றினார். வழக்கம்போல முணுமுணுத்தார். எழுந்து தெருவைக் கடந்து வந்தார். பழக்கதோஷம், வலது காலைத் தூக்கிவிட்டார். வாசற்படிக்கு மேலே அந்தக் கால் அப்படியே நின்றது. பின்னாலிருந்து அக்கா, "இந்தா, பார்த்து" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவர் காலைக் கீழே வைத்தார், வெளிப்பக்கம். குனிந்து கிழங்கை வாசற்படியின் மேல் வைத்தார், உடையக்கூடிய பொருள் மாதிரி. பிறகு திரும்பிப் போய்ப் பெஞ்சில், அக்காவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

நான் எழுந்து போய் எடுப்பதற்குள் லாகியோ போனார். கிழங்கை எடுத்தார். எதிர்ப் பெஞ்சை ஒரு தடவை பார்த்தார். அவரும் அதை முத்தமிட்டுத் தராசில் வைத்தார். அதற்குப் பிறகும் தினமும் எட்டிப் பார்க்கத்தான் வந்தார், அதை விடவில்லை. ஆனால் உள்ளே பார்க்கிறதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் திரும்பித் தொப்பியைத் தொடுவார்.

சட்டமெல்லாம் வெகுகாலம் கழித்து மாறியது, பெண்கள் யாரைக் கட்டினாலும் தங்கள் நாட்டுக்காரிகளாகவே இருக்கலாம் என்று வந்தது. அக்கா ஓடிவந்து கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். புது மூட்டை ஒன்றைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். அந்த முகத்தை, எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவர் அதற்கு முந்தின மழைக்காலத்திலேயே போய்விட்டார். அக்கா கையை வெளியே எடுக்காமல் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் முட்டி சொன்ன மழை இப்போதுதான் வந்திருக்கிறது. ஜன்னலைச் சாத்த வேண்டும். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், இப்படி ஒரு சட்டம் வந்து வாசற்படிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்தவர்கள் யாராவது உண்டா? அவர்கள் எதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள்? சுருக்கமாக வேண்டாம், விலாவாரியாக எழுதுங்கள். எனக்குப் பொழுது நிறைய இருக்கிறது.